சாகிமின் ஓட்டாத எஞ்சின்

தெலொகோரெஜோவில் பாக் சாகிமினுக்கு எதிரிகளே கிடையாது. யார் என்ன கேட்டாலும் "ஆமாங்க" என்று சொல்லிவிடுகிற மனிதருக்கு எதிரி எங்கிருந்து வருவார்? முடிவெட்டுகிறவர் "இன்னும் கொஞ்சம் குறைக்கட்டுமா?" என்பார். ஆமாங்க. அதனால் வருஷத்தில் பாதி நாள் மொட்டைத்தலையோடுதான் திரிவார். ஒருமுறை தெருத் தலைவர் பதவியை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். ஆமாங்க என்றார். பதினான்கு வருஷம் அந்தப் பதவியில் கிடந்து அல்லாடினார். மத்திய ஜாவாவில் நாங்கள் எல்லோருமே கொஞ்சம் இப்படித்தான். எதிரே இருப்பவரின் முகம் சுண்டிப்போகும்படி ஒரு வார்த்தை சொல்வதைவிட நாக்கைக் கடித்துக்கொள்வது மேல் என்று வளர்ந்தவர்கள். ஆனாலும் சாகிமின் அளவுக்குக் கடித்துக்கொண்டவர்களை நான் பார்த்ததில்லை.

இளவயதில் அவர் மலை ரயிலில் வேலை பார்த்தார். என்ன வேலை என்றால், எஞ்சின் கொட்டகையில் மணல் வறுக்கிற வேலை. சிரிக்க வேண்டாம். மழை பெய்தால் தண்டவாளம் வழுக்கும். சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தூவினால்தான் எஞ்சினுக்குப் பிடிப்பு கிடைக்கும். ஈர மணல் என்றால் குழாயில் அடைத்துக்கொள்ளும். ஆகவே ஆற்று மணலைச் சலித்து, அகலமான இரும்புத் தட்டில் கொட்டி, அடியில் தேக்கு விறகை எரித்து, நிலக்கடலை வறுக்கிற பக்குவத்தில் வறுத்து, வாளி வாளியாகத் தூக்கிக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் அதைச் செய்தார். எழுபத்தாறாம் வருஷம் அந்த ரயில் பாதையை மூடிவிட்டார்கள். அதன்பிறகு அவரும் மனைவி பைனெமும் சோயாவை வேகவைத்து டெம்பே போட்டுச் சந்தையில் விற்று நாலு பிள்ளைகளை ஆளாக்கினார்கள். மூடிய ஸ்டேஷன் பிற்பாடு அருங்காட்சியகமானது. பழைய எஞ்சின்களைத் துடைத்து வரிசையாக நிறுத்தினார்கள். டெம்பே கூடையோடு அதன் வாசலைத் தினமும் கடந்துபோன சாகிமின், ஒருநாளும் உள்ளே போனதில்லை.

கடைசிப் பெண் வினார்சிக்கு ஸெமாராங்கிலிருந்து வரன் வந்தபோதுதான் வினை ஆரம்பித்தது. மாப்பிள்ளையின் அப்பா பாக் ஹர்ஜித்தோ, நில அளவை அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத பாத்திக் சட்டை, பேச்சிலும் அதே மடிப்பு. எங்கள் வழக்கப்படி, பெண் கேட்டு வந்தவர்களிடம் பெண்ணின் அப்பா பேசக்கூடாது. மூத்தவர் ஒருவர்தான் பேச வேண்டும். அந்த மூத்தவர், பைனெமின் அண்ணன், ஊரே பாக்டே, அதாவது பெரியவர், என்று கூப்பிடுகிற கர்த்தோ. வயது எண்பத்தொன்று. எழுந்து நின்று, உயர்ந்த ஜாவா மொழியில் முழங்கினார். நடுவில் இப்படி ஒரு வாக்கியம் வந்தது: "என் தங்கை கணவர் சாகிமின், இந்த மலைப்பாதையில் பன்னிரண்டு வருஷம் எஞ்சின் ஓட்டியவர்."

சாகிமின் நிமிர்ந்து பார்த்தார். பாக்டே ஏன் இப்படிக் கூசாமல் அளக்கிறார் என்று புரியவில்லை. போதாததற்குப் பாக்டே அவர் பக்கம் திரும்பி, "அப்படித்தானே?" என்றார். இருபது பேர் பார்க்கிறார்கள். இல்லை என்றால், எண்பத்தொரு வயதுப் பெரியவர் சபை நடுவே பொய்யராகிவிடுவார்.

"ஆமாங்க" என்றார் சாகிமின்.

அன்றிலிருந்து ஐந்து மாதம் பாக் ஹர்ஜித்தோ அவரை விடவில்லை. வாரம் தவறாமல் போன். "பாக் சாகிமின், இந்தப் பல்சக்கர எஞ்சின் ஏத்தத்துல வண்டியை இழுக்காம பின்னாடியிருந்து தள்ளுமாமே, ஏன்?" அது தெரிந்த விஷயம்தான், சொல்லிவிட்டார். "கொதிகலன்ல அழுத்தம் எவ்வளவு வச்சுப்பீங்க?" அதற்கு இருமல் வந்தது. லெபாரான் நோன்புப் பெருநாளுக்குப் பித்தளையில் ஒரு குட்டி எஞ்சின் வாங்கி அனுப்பினார். பைனெம் அம்மா, எங்கள் பேச்சில் இபு பைனெம், அதைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் சொல்லாமல் அலமாரியின் மேல்தட்டில், குர்ஆனுக்குக் கொஞ்சம் தள்ளி வைத்தார். அந்த மௌனம் சாகிமினை இன்னும் வாட்டியது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஹர்ஜித்தோவிடமிருந்து பெரிய செய்தி வந்தது. அருங்காட்சியகத்தில் கூட்டமாக வருகிறவர்களுக்கு நீராவி எஞ்சினைப் பற்றவைத்து வண்டி விடுகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஏற்பாடு செய்துவிட்டாராம். முக்கியமான விஷயம், பழைய டிரைவர் வருகிறார் என்று அங்கே சொல்லிவைத்திருக்கிறாராம்.

அடுப்பங்கரையில் டெம்பே பொரித்துக்கொண்டிருந்த வினார்சி கரண்டியைக் கீழே வைத்தாள். ஊர் மரியாதைக்குச் சொல்கிற 'பாக்' மகளுக்கு 'அப்பா'.

"பாக், அங்க உங்களைத் தெரிஞ்சவங்க யாராவது இருப்பாங்க. 'என்ன சாகிமின், மணல் எப்படி இருக்கு'ன்னு ஒருத்தர் கேட்டாப் போதும். அப்புறம் நான் அந்த வீட்டுக்குப் பொய்யனோட மகளாத்தான் போகணும். ஆயுசுக்கும் அவங்க எதுவும் சொல்ல மாட்டாங்க, நம்ம ஆளுங்களாச்சே. சொல்லாம மனசுல வச்சிருப்பாங்க. அதுதான் எனக்குப் பயம்."

"பாக்டே சொன்னாரும்மா. நான் சொல்லலையே."

"தலையாட்டினது யாரு? அடுத்தவங்க வாயால வர்றதுக்கு முன்னாடி உங்க வாயால சொல்லிடுங்க. சொல்வீங்களா?"

"ஆமாம்மா" என்றார் சாகிமின். வினார்சி அவர் முகத்தையே பார்த்தாள். இந்த ஆமாமுக்கு எவ்வளவு எடை என்று அவளுக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் இருபத்துமூன்று பேர் ஸ்டேஷன் முற்றத்தில் கூடிவிட்டார்கள். ஸெமாராங் கூட்டத்தில் மாப்பிள்ளையின் அக்கா ஏழு மாதக் கர்ப்பிணி. பாக்டே கறுப்புத் தொப்பி, கைத்தடியோடு, சக்கர நாற்காலி வேண்டாமென்று நடந்தே வந்தார். தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கீழே கறுப்பு கறுப்பாக எஞ்சின்கள் நின்றன. எண்ணெய் போட்டுத் துடைத்ததில் பளபளத்தன. சாகிமினுக்கு அவை அத்தனை சுத்தமாக இருந்ததே சங்கடமாக இருந்தது. அவர் பார்த்த காலத்தில் அவற்றின் மேல் கை வைத்தால் கை கறுத்துவிடும்.

பதினேழாம் எண் எஞ்சினைப் பார்த்ததும் சட்டென்று நின்றுவிட்டார். அதன் மணல் பெட்டியின் மூடி இடதுபக்கம் நசுங்கியிருக்கும். இப்போதும் நசுங்கித்தான் இருந்தது. வாளியைத் தூக்கி வைக்கும்போது அவர் கை தவறி இடித்த நசுங்கல். யாரும் கவனிக்கவில்லை என்பதால் அன்றைக்குத் தப்பித்தார். இத்தனை வருஷமாகியும் அதைச் சரி செய்யவில்லை என்று பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. சுற்றும் முற்றும் பார்த்தார். மணல் கொட்டகை இருந்த இடத்தில் சாவி வளையமும் தொப்பியும் விற்கிற கடை.

பாக் ஹர்ஜித்தோ ஒரு குறிப்பேட்டோடு பக்கத்தில் வந்தார். இன்னொரு கையில் தைலப் புட்டி. அடிக்கடி மூக்கில் வைத்து உறிஞ்சினார்.

"உங்க எஞ்சின் இதுதானா?"

சாகிமின் மணல் பெட்டியிலிருந்து கண்ணை எடுத்தார். சொல்லிவிட வேண்டியதுதான். "பாக் ஹர்ஜித்தோ, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"எனக்கும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு காலையிலேருந்து இருக்கு. முதல்ல நீங்க சொல்லுங்க."

"சே சே, நீங்க சொல்லுங்க. விருந்தாளி நீங்க."

"ஊரு உங்க ஊரு. நீங்க சொல்றதுதான் முறை."

"நீங்க மாப்பிள்ளை வீடு."

இப்படியே இரண்டு கிழவர்களும் பதினேழாம் எஞ்சினுக்கு முன்னால் ஒருவருக்கொருவர் குனிந்து குனிந்து வழிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குள் பயண மணி அடித்துவிட்டது. இரண்டு பேரும் சொல்லவில்லை. வேறு ஊர் என்றால் ஒருத்தர் முந்திக்கொண்டு பேசியிருப்பார், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

வண்டி தயாராக நின்றது. இரண்டு மரப்பெட்டிகள், அவற்றுக்குப் பின்னால் மலையேற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போக எஞ்சின். எல்லோரையும் ஏற்றிவிட்டு, ஹர்ஜித்தோ சாகிமினின் கையைப் பிடித்து எஞ்சின் ஏணியருகே கூட்டிப்போனார். மேலே டிரைவர் கியாந்தோ, நாற்பது வயதிருக்கும், இடுப்பை வளைத்து வணங்கினார்.

"வாங்க பாக். ஏறுங்க."

சாகிமின் ஏறினார். ஹர்ஜித்தோ காமிராவோடு பின்னாலேயே ஏறினார். பன்னிரண்டு வருஷத்தில் அந்த ஏணியில் இரண்டாம் படிவரைதான் சாகிமின் கால் வைத்திருக்கிறார். வாளியைக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவார். உள்ளே இவ்வளவு சூடு இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது.

கியாந்தோ தன் இருக்கையைத் துண்டால் துடைத்தார். "உக்காருங்க பாக். நீங்க இருக்கும்போது நான் கைப்பிடியைத் தொடறது முறையில்ல. நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்."

சாகிமின் கைப்பிடியைப் பார்த்தார். நீளமான இரும்புப் பிடி, கைபட்டுத் தேய்ந்தது. மேலே தள்ள வேண்டுமா, கீழே இழுக்க வேண்டுமா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. கியாந்தோ குனிந்தபடி ஒதுங்கி நிற்கிறார். 'உங்களுக்கு ஓட்டத் தெரியுமா, கடைசியாக எப்போது ஓட்டினீர்கள்' என்று அவர் கேட்க மாட்டார். பெரியவரிடம் எப்படிக் கேட்பது? ஹர்ஜித்தோ கேட்க மாட்டார். சாகிமினும் சொல்லாவிட்டால், மரியாதை தெரிந்த மூன்று பேர் சேர்ந்து இந்த வண்டியை எங்கே கொண்டுபோய் விடுவார்கள்? முன்னாலுள்ள பெட்டியின் ஜன்னலில் அந்தக் கர்ப்பிணிப் பெண் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் வினார்சி, தலையைத் திருப்பி இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எஞ்சின் ஓட்டினதில்ல" என்றார் சாகிமின்.

அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. நீராவி சீறிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை, கொஞ்சம் பலமாகச் சொன்னார்.

"நான் எஞ்சின் ஓட்டினதே இல்லைங்க. இங்க மணல் வறுத்துக்கிட்டிருந்தேன். பன்னண்டு வருஷமும் அதுதான். பாக்டே சொன்னப்ப மறுத்துப் பேச எனக்கு வாய் வரல. என் பொண்ணு மேல தப்பில்ல. அவ சொல்லச் சொல்லிக்கிட்டேதான் இருந்தா."

முதலில் அசைந்தது கியாந்தோதான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த இருக்கையில் தொப்பென்று தானே உட்கார்ந்தார்.

"அப்பாடா. வெளியாளைக் கைப்பிடியைத் தொடவே விடக்கூடாதுங்கறது விதி பாக். ரெண்டு நாளா சாப்பாடு இறங்கல. வர்றவரு மூத்த டிரைவர், அவருகிட்ட எந்த வாயால சொல்றது?"

ஹர்ஜித்தோ காமிராவை மெல்லப் பைக்குள் வைத்தார்.

"கொஞ்ச தூரம்கூட ஓட்டினதில்லையா?"

"இல்லைங்க."

"விசில் அடிச்சது?"

"அதுவும் இல்லைங்க."

ஹர்ஜித்தோ திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கினார். பிளாட்பாரத்துக் கடைசியில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். சாகிமினும் இறங்கி அவர் பின்னால் நடந்தார். கல்யாணம் நின்றுபோகாது என்று அவருக்குத் தெரியும். பத்திரிகை கொடுத்தாயிற்று, பந்தலுக்குச் சொல்லியாயிற்று. ஆனால் வினார்சி பயந்த அந்த மௌனம் இதுதானோ? இதுதான் ஆயுசுக்கும் தொடருமோ? பெஞ்சின் ஓரத்தில், பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் உட்கார்ந்தார்.

"பாக் சாகிமின்."

"சொல்லுங்க."

"அப்படின்னா இந்த வண்டியில நான் ஏற வேண்டாமில்லையா?"

சாகிமினுக்குப் புரியவில்லை.

"எனக்கு ரயில்னாலே ஆகாது" என்றார் ஹர்ஜித்தோ, தைலப் புட்டியை ஒருமுறை நன்றாக உறிஞ்சிவிட்டு. "சின்ன வயசுலேருந்து அப்படித்தான். வண்டி அசைஞ்சா வயித்தைப் புரட்டும். புகை வாசனை பட்டா முடிஞ்சுது கதை. அதைத்தான் அங்க சொல்ல வந்தேன். நீங்க 'நீங்க சொல்லுங்க'ன்னுட்டீங்க."

"அப்ப இந்த அஞ்சு மாசமா நீங்க கேட்டதெல்லாம்?"

"சம்பந்தி எஞ்சின் டிரைவர்னு சொன்னாங்க. அவருகிட்ட நிலப் பட்டாவைப் பத்தியா பேசறது? மரியாதையா இருக்காதேன்னு மூணு புத்தகம் வாங்கிப் படிச்சேன். பாதி புரியல. ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்களுக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி என் பொண்டாட்டி என்னைக் கேலி பண்ணுவா, பரிட்சைக்குப் படிச்சாச்சான்னு."

"சனிக்கிழமைன்னா எனக்கும் பரிட்சைதான்" என்றார் சாகிமின்.

ஹர்ஜித்தோ சிரிக்கவில்லை. "கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். அஞ்சு மாசம் ஆச்சு. ஆனா அந்தச் சபையில உங்க இடத்துல நான் இருந்திருந்தா நானும் பெரியவரை மறுத்திருக்க மாட்டேன். இன்னிக்கு நீங்க எஞ்சின்ல நின்னு சொன்னீங்க பாருங்க, அதைச் சத்தியமா என்னால சொல்லியிருக்க முடியாது." தைலப் புட்டியை மூடினார். "வினார்சி எங்க வீட்டுக்கு எஞ்சின் ஓட்டவா வர்றா? விடுங்க. இஞ்சி டீ கிடைக்குமா இங்க?"

ஐந்து மாதமாக நெஞ்சில் வைத்திருந்த கல் இறங்கிவிட்டது என்று சாகிமினுக்கே தெரிந்தது. இஞ்சி டீ வாங்க எழுந்தவர், பாதி வழியில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். பின்னால் கியாந்தோ விசில் அடித்தார். வண்டி, ஏறத் தேவையில்லாத இரண்டு கிழவர்களை விட்டுவிட்டு, மலைப்பக்கம் நகர்ந்தது. அது திரும்பி வருகிற ஒன்றேகால் மணி நேரமும் ஹர்ஜித்தோ மணலைப் பற்றித்தான் கேட்டார். எவ்வளவு நேரம் வறுக்க வேண்டும், வறுபட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது, கையில் சுடாதா? குறிப்பேட்டை அவர் எடுக்கவில்லை. சாகிமினுக்கு ஒருமுறைகூட இருமல் வரவில்லை.

வண்டி வந்து நின்றதும் வினார்சிதான் முதலில் குதித்தாள்.

"பாக்?"

"சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ரயில்ல ஏறினா அவருக்கு வாந்தி வருமாம்."

வினார்சி அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. முதுகைத் தட்டிக்கொண்டே நின்றார்.

மரத்தடியில் பாய் விரித்துச் சாப்பாடு எடுத்து வைத்தார்கள். தேங்காய்த் துருவல் போட்ட கீரை, பொரித்த டெம்பே, வாழையிலையில் சுற்றிய சோறு. எல்லோரும் உட்கார்ந்த பிறகு பாக்டே கைத்தடியை ஊன்றி எழுந்தார். எழுந்தால் பேசாமல் உட்காருகிறவர் இல்லை அவர். பெட்டிக்குள் உட்கார்ந்து போனவருக்கு, பின்னால் எஞ்சினில் நடந்தது எதுவும் தெரியாது.

"இன்றைக்கு நம் சாகிமின் எவ்வளவு நிதானமாக வண்டியைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார் பார்த்தீர்களா? கொஞ்சமாவது குலுங்கியதா? கை மறக்கவில்லை." சாகிமின் பக்கம் திரும்பினார். "அப்படித்தானே?"

ஹர்ஜித்தோ தட்டைப் பார்த்தார். வினார்சி அப்பாவைப் பார்த்தாள். 'ஆமாங்க' சாகிமினின் உதடுவரை வந்துவிட்டது.

"இல்லைங்க காங்" என்றார் அவர், எப்போதும் அண்ணா என்று கூப்பிடுகிற அதே பணிவோடு. "ஓட்டினது கியாந்தோ. நான் எப்பவும் ஓட்டினதில்ல. கொட்டகையில மணல் வறுத்தேன்."

பாக்டே கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தார். மேடை மொழி போய், வீட்டு மொழி வந்தது.

"எழுபதாம் வருஷம், எங்க வீட்டுக் கிணத்தடியில நின்னு கேட்டேன். ரயில்லயா வேலைன்னு கேட்டேன், ஆமாங்கன்ன. எஞ்சின் ஓட்டுறியான்னு கேட்டேன். அதுக்கும் ஆமாங்கன்ன."

சாகிமினுக்கு அது நினைவில் இல்லை. ஆனால் சொல்லியிருப்பார். நிச்சயம் சொல்லியிருப்பார். இந்தப் பொய்யை அளந்தது பாக்டே என்று ஐந்து மாதமாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாரே, அதை நினைத்துத் தலை குனிந்தார்.

"அப்ப டிரைவர்னு நம்பி நான் என் தங்கச்சியை மணல் வறுக்கிறவனுக்கா குடுத்தேன்?" என்றார் பாக்டே.

பரிமாறிக்கொண்டிருந்த இபு பைனெம் நிமிர்ந்தார். கையில் டெம்பே தட்டு.

"நீங்க யாருன்னு நினைச்சுக் குடுத்தீங்களோ எனக்குத் தெரியாது காங். எனக்கு அன்னிக்கே தெரியும். பொண்ணு பார்க்க வந்தப்ப நம்ம அம்மா காலைத் தொட்டுக் கும்பிட இவர் குனிஞ்சாரு. சட்டைப் பையிலேருந்து மணலாக் கொட்டுச்சு. இவருக்கு மூஞ்சியெல்லாம் வேர்த்துப்போச்சு, யாரும் பார்க்கலைன்னு காலால பாய்க்கடியில தள்ளப் பார்த்தாரு. எல்லாரும் போனப்புறம் அதைப் பெருக்கினது நான்தான். பெருக்கிக்கிட்டே முடிவு பண்ணிட்டேன், இவர்தான்னு."

சொல்லிவிட்டு அண்ணன் தட்டில் இரண்டு டெம்பேயை வைத்தார். பாக்டே உட்கார்ந்தார். நாற்பத்துமூன்று வருஷத்தில் பைனெம் இதைச் சாகிமினிடம் ஒருநாளும் சொன்னதில்லை.